பாட முடிகிற வேகம்

கார்த்திகை 3, புதன்

என் பெயர் சென்னியப்பன். இதை எழுதியது நான்தான். வேறு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

முதியோர் வகுப்பு முடிந்துவிட்டது. கடைசி நாளில் மேகலா டீச்சர் ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்து, "தினமும் நடந்தத எழுதுங்கய்யா. எழுதாம விட்டா எழுத்து உங்கள விட்டுட்டுப் போயிரும்" என்றார். அறுபத்தெட்டு வயதில் வந்து சேர்ந்தது. போக விடுவேனா? நாள்காட்டியைப் பார்த்து மேலே தேதியும் போட்டுவிட்டேன். அதற்குள் ஒரு டீ ஆறிவிட்டது. ஆறிய டீயும் நன்றாகத்தான் இருந்தது.

இன்று நடந்தது. சர்க்கரைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு டாக்டரைப் பார்க்கப் போனேன். கதவில் "மருத்துவர் அன்புக்கொடி" என்று எழுதியிருந்தது. நர்ஸ் கூப்பிடுவதற்குள் படித்து முடித்துவிட்டேன். உள்ளே போனதும் பேரைச் சொல்லி வணக்கம் வைத்தேன். அந்த அம்மா சிரித்தார். காகிதத்தைப் பார்த்ததும் சிரிப்புப் போய்விட்டது.

"என்ன வேலை பாத்தீங்க?"

"மஞ்சள் மண்டியில மூட்டை தூக்கினனுங்க."

"இப்ப?"

"இப்ப ஒக்காந்திருக்கறனுங்க."

"சர்க்கரை எறங்கவே இல்ல. தை மாசம் வரைக்கும் பாக்கறேன். அதுக்கப்பறம் ஊசிதான். தினமும் நடங்க. ஊர்வலம் போற மாதிரி இல்ல, வெரசா நடக்கணும். காலு தசை நல்லா வேலை செஞ்சாத்தான் ரத்தத்துல இருக்கற சர்க்கரைய இழுத்துக்கும்."

எவ்வளவு வேகம் என்று கேட்டேன்.

"நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக்கூடாது. பாட முடிஞ்சா வேகம் பத்தலைன்னு அர்த்தம். பேசவே முடியலைன்னா வேகம் அதிகம்னு அர்த்தம்."

நான் பிறந்ததிலிருந்து பாடியதில்லை. எனக்கு எப்படித் தெரியும்? இதைக் கேட்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கார்த்திகை 4

ஊசி என்றதும் பாவாயி பயந்துவிட்டாள். பாவாயி என் மனைவி. எனக்கு நாலு வயது இளையவள். "நானும் வாரனுங்க. தனியா உட்டா டீக்கடையில ஒக்காந்துக்குவீங்க" என்றாள்.

விடிந்ததும் வாய்க்கால் கரை ரோட்டில் பாலம் வரை போய் வந்தோம். வழக்கம்போல முன்னால் நான், பின்னால் அவள். மணவறையைச் சுற்றின அன்று அப்படி ஆரம்பித்தது. கோயிலுக்கு, சினிமாவுக்கு, எழவுக்கு, விருந்துக்கு எல்லாம் அப்படித்தான். நான் ரோட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டே போவேன். பின்னாலிருந்து "ம்" வரும். திரும்பிப் பார்க்க வேண்டியதே இல்லை.

டாக்டர் சொன்ன பேச்சு இதுதானே. ஆகவே வேகம் சரி.

கார்த்திகை 7, ஞாயிறு

வாய்க்கால் கரையில் இருக்கும் பலகைகளை எல்லாம் படித்தேன். "இங்கு குப்பை கொட்டாதீர்." அதன் கீழே குப்பை. "மெதுவாகச் செல்லவும்." அது வண்டிக்காரர்களுக்கா எனக்கா? டாக்டர் வேகமாகப் போகச் சொல்கிறார், நெடுஞ்சாலைத் துறை மெதுவாகப் போகச் சொல்கிறது. பாவாயியிடம் சொன்னேன். "ம்" என்றாள், சிரித்துக்கொண்டே சொன்ன "ம்". எனக்கு வித்தியாசம் தெரியும்.

அங்கே ஒரு பேங்க்காரர் நடக்கிறார். ரிட்டயர் ஆனவர். அவர் கைக்கடிகாரத்தில் இதயம் துடிப்பது தெரிகிறது. "இன்னும் வேகம் போகணும் பெரியவரே, வேர்க்கணும். வேர்க்காம நடந்தா அது நடையே இல்ல" என்றார். டாக்டர் வேர்வை பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மண்டியில் சும்மா நின்றாலே வேர்க்கும். குழப்பமாக இருக்கிறது. இருந்தாலும் வேகத்தைக் கூட்டினேன்.

கார்த்திகை 12

மழை. நடக்கவில்லை. ழ நன்றாக வந்தது.

கார்த்திகை 16

உடம்பு இறகு மாதிரி இருக்கிறது. பனியன் நனைகிறது. பேசவும் முடிகிறது. மூட்டை இல்லாமல் நடப்பது இவ்வளவு சுகம் என்று யாரும் சொல்லவில்லை.

பாவாயி வாய்க்காலில் வாத்து பார்த்தாளாம். பாலத்துக்குப் போய்த் திரும்பி வருகிறேன், பாதி வழியில் மதகுச் சுவரில் உட்கார்ந்திருக்கிறாள். நேற்றும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள், செருப்பு வார் அறுந்துவிட்டது என்றாள். வீட்டுக்கு வந்து பார்த்தேன், வார் நன்றாகத்தான் இருந்தது. பெண்பிள்ளைகளுக்கு வாத்து பிடிக்கும் போல.

கார்த்திகை 20

இன்று "ம்" வரவில்லை.

மகள் கரூரில் வீடு மாற்றுவதைப் பற்றி நீளமாகப் பேசினேன். ஒரு "ம்" கூட இல்லை. திரும்பிப் பார்த்தால் வெகு தூரத்தில் வருகிறாள். நின்றேன். பக்கத்தில் வந்ததும், "என்ன கோவம்?" என்று கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினாள். இல்லை என்று ஆட்டினாளா, ஆமாம் என்று ஆட்டினாளா தெரியவில்லை.

என்ன செய்தேன் என்று யோசித்தேன். ரசத்தில் உப்பு இல்லை என்று செவ்வாய்க்கிழமை சொன்னேன். அவள் தம்பி மகன் கல்யாணத்துக்குப் போகவில்லை, ஆனால் அது ஆறு வருடத்துக்கு முன்னால். அதற்கு இப்போது கோபம் வருமா? வரலாம்.

கார்த்திகை 21, ஞாயிறு

மல்லிகைப் பூ வாங்கிக் கொடுத்தேன். வைத்துக்கொண்டாள். ரசத்தைப் புகழ்ந்தேன். "இன்னிக்கு ரசமே வெக்கலீங்களே" என்றாள். வீட்டுக்குள் பேச்சு, சிரிப்பு எல்லாம் சரியாக இருக்கிறது. வாய்க்கால் கரைக்குப் போனால் கோபம் வந்துவிடுகிறது. எனக்குப் புரியவில்லை.

கார்த்திகை 25

விஷயம் தெரிந்துவிட்டது. பல்வலி. கோபம் இல்லை. எனக்கு எவ்வளவு நிம்மதி.

இன்று தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டேன். "பல்லு நோவுதுங்க. ஒண்ணுமில்ல, நீங்க போங்க, நான் மெல்ல வாரேன்" என்றாள். வீட்டுக்கு வந்து கிராம்பு எடுத்துக் கொடுத்தேன். அதற்குள் வலி போய்விட்டது என்று முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தாள். கல் மாதிரி முறுக்கு. எனக்கே கடிபடவில்லை.

கார்த்திகை 27

பழைய மண்டிக்குப் போனேன். கூடச் சுமந்த ராக்கியப்பன் இப்போது அங்கே காவலுக்கு இருக்கிறான். சுவரில் மஞ்சள் ரகங்களின் விலை எழுதியிருந்த பலகையை அவனுக்குப் படித்துக் காட்டினேன். "விரலி, கிழங்கு, பனங்காளி" என்று நான் படிக்கப் படிக்க அவன் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "பெரிய கலெக்டர்தான் போ" என்றான். அவனுக்குப் பொறாமை. எனக்கு மிகுந்த சந்தோஷம்.

லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சாய்ந்த பலகை மேல் வரிசையாகப் போக வேண்டும், யாரும் யாரையும் தாண்ட முடியாது. புது ஆள் வந்தாலும், காய்ச்சலில் கிடந்து எழுந்த ஆள் வந்தாலும், அவனைத்தான் முன்னால் விடுவோம். அவன் போகிற வேகத்தில் மற்றவர்கள் போவார்கள். பின்னால் விட்டால் அவன் மூட்டையோடு சரிந்தாலும் முன்னால் போகிறவனுக்குத் தெரியாது. இப்போதுள்ள பையன்கள் அப்படிச் செய்யவில்லை, அவனவன் இஷ்டத்துக்கு ஏறுகிறான். மேஸ்திரியிடம் சொன்னேன். "சரிங்கய்யா" என்றார். செய்ய மாட்டார்.

மார்கழி 2

பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கண்ணாடிக் குச்சி விட்டுத் தட்டித் தட்டிப் பார்த்தார். படமும் எடுத்தார். "அம்மாவுக்குப் பல்லெல்லாம் நல்லாருக்குங்க. இந்த வயசுக்கு ஆச்சரியம்" என்றார்.

பல் நன்றாக இருக்கிறது என்கிறார். அப்படியானால் வலிப்பது எது? வீட்டில் வலிக்காமல் ரோட்டில் மட்டும் எப்படி வலிக்கும்? காற்றுப் படுவதால் இருக்கலாம் என்று மப்ளர் கட்டிவிட்டேன். மப்ளர் கட்டிக்கொண்டு நடந்தாள். அப்போதும் வலித்தது.

மார்கழி 6, ஞாயிறு

வாசல் கோலம் பாதியில் நிற்கிறது. புள்ளி எல்லாம் வைத்திருக்கிறாள், கோடு பாதிக்கு மேல் இல்லை. நாய் வந்துவிட்டது என்றாள். நாயின் கால் தடம் ஒன்றும் கோலத்தில் இல்லை. நான் மீதிக் கோட்டை இழுத்துப் பார்த்தேன். எழுத்தைவிடக் கஷ்டம். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துச் சிரித்தார்கள். பாவாயி படியில் உட்கார்ந்து, "இடது பக்கம் வளைங்க, அய்யோ, அது வலதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு நடக்க வரலையா?" என்றேன்.

"நான் வராட்டி நீங்க போக மாட்டீங்க" என்று எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

மார்கழி 10

மாதா மாதம் மாத்திரை வாங்கும் நாள். ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கிறது.

டாக்டர் அன்புக்கொடி கையைக் கொட்டினார். "பரவால்லையே. பேசிக்கிட்டேதான் நடக்கறீங்களா?"

"நானும் இவளும் பேசிக்கிட்டே போறமுங்க."

டாக்டர் பாவாயியைப் பார்த்தார். "நீங்களும் போறீங்களா? என்னம்மா பேசுவீங்க?"

"நானெங்கீங்க பேசறது? அவருதான் பேசுவாரு. நான் ம் போடுவேன்."

"இப்பெல்லாம் அதுவும் போடறதில்லீங்க" என்று நான் குறை சொன்னேன்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "எங்க, ரெண்டு பேரும் தினம் நடக்கற மாதிரி நடந்து காட்டுங்க பாப்போம்."

வெளியே நீளமான தாழ்வாரம். ஆட்கள் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். இந்த மாதிரி சமயத்தில் மெதுவாக நடக்கக் கூடாது என்று மாத்திரை கொடுக்கும் ஜன்னல் வரை ஒரே வீச்சில் போனேன். போய்த் திரும்பினேன். பாவாயி பாதி வழியில் சுவரில் உள்ளங்கையை வைத்து நிற்கிறாள். இன்னொரு கை தாடையில். டாக்டர் அவள் பக்கத்தில் இருக்கிறார்.

"பல்லு டாக்டரு பாத்துட்டாருங்க, பல்லு நல்லாருக்குது" என்று இங்கிருந்தே சொன்னேன்.

டாக்டர் என் பக்கம் திரும்பவில்லை. "அம்மா, நடந்தா நோவுது, நின்னா விட்டுருதா?"

"ஆமாங்க."

"நெஞ்சு?"

"யாரோ கைய வெச்சு அமுத்தற மாதிரிங்க. ஒக்காந்தா போயிருமுங்க."

"எப்ப இருந்தும்மா?"

"இவரு வெரசா நடக்க ஆரம்பிச்சதுல இருந்துங்க."

"ஏம்மா சொல்லல?"

பாவாயி டாக்டரைப் பார்த்து, "அவருக்குச் சர்க்கரை எறங்கிட்டிருந்ததுங்களே" என்றாள்.

நாற்காலி கொண்டுவந்தார்கள். நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்களுக்கு நடையா இருக்கற வேகம் அவங்களுக்கு ஓட்டமுங்கய்யா" என்றார். எனக்குப் புரியவில்லை. ஒரே ரோட்டில்தானே போனோம்.

மார்கழி 11

ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வாசலில் பலகை இருந்தது. இதயம் என்று இருந்தது. இரண்டு முறை எழுத்துக் கூட்டினேன். அப்படியேதான் இருந்தது.

மார்கழி 12

மகள் கரூரிலிருந்து வந்துவிட்டாள்.

ரத்தக் குழாயில் அடைப்பு. கை வழியாகக் கம்பி விட்டு, அடைப்புக்குள் சின்னச் சுருள் வைப்பார்களாம். இதயத்துக்கு ரத்தம் போதாமல் போனால் வலி தாடைக்கும் வருமாம். இதயம் இருப்பது இங்கே, தாடை இருப்பது அங்கே. இரண்டு பேருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். இங்கே இருக்கிற டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை.

நடந்ததால் அடைப்பு வந்ததா என்றும் கேட்டேன். "இல்லைங்கய்யா, அது வருசக்கணக்கா உள்ள வளந்தது. நடந்ததால வெளிய தெரிஞ்சுது. இன்னும் வேகமா இழுத்துட்டுப் போயிருந்தா ரோட்லயே ஏதாச்சும் ஆயிருக்கும்" என்றார்.

இழுத்துட்டு என்றுதான் சொன்னார். நான் கையைப் பிடிக்கவே இல்லை.

சம்மதக் கையெழுத்துக் கேட்டார்கள். நர்ஸ் பழக்கத்தில் மை டப்பாவை நீட்டினார். வேண்டாம் என்று பேனா வாங்கினேன். எழுதப் படித்ததிலிருந்து முதல் கையெழுத்தை எங்கே போடுவேன் என்று ஆசையாக இருந்தேன். பேங்க்கில் போடலாம் என்று நினைத்திருந்தேன். சென்னியப்பன் என்று போட்டேன். ப் மேல் புள்ளி வைக்க மறந்து, திரும்பப் போய்க் கேட்டு வாங்கி வைத்தேன்.

மார்கழி 13, ஞாயிறு

சுருள் வைத்துவிட்டார்கள். கண் விழித்துவிட்டாள். "சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"ம்" என்றேன்.

மார்கழி 20, ஞாயிறு

வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆகிறது. நான்தான் சமையல். ரசத்தில் உப்பு இல்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மார்கழி 24

டாக்டர் அன்புக்கொடியிடம் இரண்டு பேரும் போனோம். பாவாயி நடக்க வேண்டுமாம். நான் வேண்டவே வேண்டாம் என்றேன். நடந்ததால்தானே இத்தனையும்.

"நடக்காம ஒக்கார வெச்சாத்தான் ஆபத்து. இதயமும் தசைதானுங்கய்யா, அதுக்கும் வேலை வேணும். ஆனா அவங்க வேகத்துல. இப்போதைக்குப் பாடற வேகம்தான். பாட முடியலைன்னா அதிகம்னு அர்த்தம், நின்னுரணும். கொஞ்சங் கொஞ்சமா ஏத்திக்கலாம்."

"போன மாசம் பாடக்கூடாதுன்னீங்களே?"

"அது உங்களுக்கு. உங்களுக்கு இப்பவும் அதேதான்."

எனக்குப் பாடக்கூடாது, அவளுக்குப் பாட வேண்டும். ஒரே ரோடு. எப்படி நடப்பது? வீடு வரும் வரை யோசித்தேன். ஆட்டோவில் இருந்ததால் பாவாயி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தால் மூச்சு கூடக் கேட்கிறது. ஆட்டோ சத்தத்திலும் கேட்டது.

மார்கழி 25

முடிவு செய்துவிட்டேன். என் நடை மாலையில், தனியாக. காலையில் அவள் நடை. அவள் முன்னால், நான் பின்னால்.

"ஊரு சிரிக்குமுங்க" என்றாள்.

"சிரிக்கட்டும்."

"நீங்க பின்னால வந்தா எனக்குக் காலு பின்னுமுங்க."

"பின்னினா நான் புடிச்சுக்கறேன். முன்னால போயிட்டிருந்தா எப்படிப் புடிக்கறது?"

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். என் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

மண்டியில் லாரிக்கு ஏறும் சாய்ந்த பலகை ஞாபகத்துக்கு வந்தது. அதைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன்.

தை 1

பொங்கல். கோலத்தை அவளே முழுதாகப் போட்டாள். பொங்கல் பொங்கியது. எனக்கு ஒரு கரண்டிதான் என்று அளந்து வைத்தாள். ஊசி இப்போதைக்கு இல்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்தச் சந்தோஷத்தில் இன்னொரு கரண்டி கேட்டேன். கொடுக்கவில்லை.

தை 2

முதல் நாள். மதகு வரைதான். ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, திருடப் போகிறவள் மாதிரி நடந்தாள். பேங்க்காரர் எதிரே வந்து, "என்ன பெரியவரே, ஆர்டர் மாறிப்போச்சு?" என்றார். பாவாயி வெட்கப்பட்டு ஒதுங்கினாள். "மருத்துவர் உத்தரவு" என்றேன். உண்மையில் டாக்டர் வரிசை பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பாடச் சொன்னேன். மாட்டேன் என்றாள். பாடாவிட்டால் வேகம் எப்படித் தெரியும் என்று கெஞ்சினேன். "ரோட்ல போய் ஆராச்சும் பாடுவாங்களா?" என்றாள். பாடவில்லை. பின்னாலிருந்து அவள் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். முதுகைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை. இத்தனை வருடம் என் முதுகைப் பார்த்து வந்தவளுக்கு என்ன தெரிந்ததோ.

தை 4, ஞாயிறு

இன்று பனி. ரோட்டில் ஆள் இல்லை. எங்களுக்கு முன்னால் வாத்து மட்டும். வாத்து உண்மையாகவே இருக்கிறது.

மதகு தாண்டியதும் முன்னாலிருந்து ஏதோ சத்தம். முதலில் தண்ணீர் என்று நினைத்தேன். பிறகு புரிந்தது, பாவாயி பாடுகிறாள். ரேடியோவில் வரும் பழைய சினிமாப் பாட்டு. மெல்லிய குரல், கேட்க நான் இன்னும் பக்கத்தில் போக வேண்டியிருந்தது. இவளுக்குப் பாடத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. நான் பேசிக்கொண்டே நடந்ததில் கேட்காமல் போயிருக்கலாம். நான் வாயைத் திறக்கவில்லை. என் செருப்புச் சத்தம் கூட இடைஞ்சலாக இருந்தது, கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

பாலம் தெரிய ஆரம்பித்தது. பாட்டு நின்றது.

நானும் நின்றேன். செருப்பு கையிலிருந்து விழுந்துவிட்டது. அவளும் நின்றுவிட்டாள். சுவர் எங்கே என்று பார்த்தேன், பிடிக்க அங்கே சுவர் இல்லை. ஓடிப் போய் முன்னால் நின்று தாடையைப் பார்த்தேன். கை தாடையில் இல்லை.

"பாவாயி, என்ன பண்ணுது?"

அவள் கண்ணைச் சுருக்கி யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வரி மறந்து போச்சுங்க" என்றாள்.

அந்த வரி எனக்கும் தெரியாது. முதலிலிருந்து பாடச் சொல்லிவிட்டுத் திரும்பப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.